செத்த இராணியும் சாகாத கிரீடமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு இங்கிலீஷ்ப் பாட்டுக் கோஷ்டியின் மூன்றாவது இசைத்தட்டைப் பற்றிய விஷயமாகும். இதைச் சொன்ன மாத்திரத்தில் உங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக் கொள்ளுவது நமக்குத் தெரிகின்றது. "இங்கிலீஷ்க்காரன் பாட்டு நமக்கு என்னத்திற்கு? அவன் பாஷை நமக்கு விளங்காது, அவன் ராகம் நம் காதுக்குப் பழக்கமில்லை" என்று கேட்கலாம். கேட்பதும் நியாயந்தான். ஆனால் நாம் பாட்டின் அழகை வர்ணிப்பதற்கு மாத்திரம் இங்கு வரவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து, உயிரோடு சிங்காதனத்தில் உட்கார்ந்திருந்த தங்கள் நாட்டு இராணியைச் செத்தவள் என்று தட்டின் மேல் அட்டையிலேயே அச்சிட்டுக் கடைவீதியில் விற்றார்கள். அப்படி விற்ற பிள்ளைகளே வந்த பணத்தைத் தங்களுக்குள் பங்கு பிரிக்கும்போது எந்த யோக்கியதையில் நடந்து கொண்டார்கள் என்பது பிறகு கோர்ட்டுக்கு வந்தது. இந்த இரண்டு சங்கதியையும் சேர்த்துப் பேசினால் ஒழிய ஒன்றும் விளங்காது. ஆதலால் இரண்டையும் பேசுகிறோம்.

கோஷ்டியின் பெயர் "தி ஸ்மித்ஸ்" என்பது. ஊர் மான்செஸ்டர். நம் பெரியவர்களுக்கு மான்செஸ்டர் என்றால் சீமைத் துணி ஞாபகத்திற்கு வரும். கோயமுத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று சொல்லி நாமும் பெருமைப்பட்டுக் கொள்ளுகிறோம். ஆனால் 1982இல் இந்தக் கோஷ்டி துவங்கிய காலத்தில் அந்த ஊர்ப் பஞ்சாலைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. பாடுகிறவர் மாரிஸி, கிட்டார் வாசித்து மெட்டுக் கட்டுகிறவர் ஜானி மார், அடிநாதக் கிட்டாராகிய பேஸ் வாசித்தவர் ஆண்டி ரோர்க், டிரம் அடித்தவர் மைக் ஜாய்ஸ். நால்வரும் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இந்தச் சேதியைச் சற்று மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஸ்மித் என்றால் கொல்லன் என்று அர்த்தம். அந்நாட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். எல்லாரிலும் சாதாரணமான பெயர் என்பதற்காகவே அதை வைத்துக் கொண்டதாக மாரிஸி சொல்லியிருக்கிறார். ஸ்மித் என்ற பெயருள்ளவன் அங்கே ஜட்ஜாக இருக்கலாம், பாதிரியாக இருக்கலாம், பட்டாளத்துத் தளபதியாகவும் இருக்கலாம். "உன் பாட்டன் துருத்தி ஊதினவன்தானே, தள்ளி நில்" என்று எவனும் சொல்லுவதில்லை. தொழிலின் பெயர் வெறும் பெயராகத் தேய்ந்து போயிற்று. அதற்காக அங்கே உயர்வு தாழ்வு இல்லையென்று நினைத்து விடாதீர்கள். பிறவியால் பிரபு என்றும் சீமான் என்றும் பட்டம் தரித்துக் கொண்டிருப்பவர்கள் அங்கே ஏராளம். அத்தனை பேருக்கும் மேலே, பிறந்த ஒரே காரணத்தால் கிரீடம் வைத்துக் கொள்ளுகிற ஒரு குடும்பமும் இருக்கிறது.

இந்தக் கோஷ்டியை "இண்டி" கோஷ்டி என்பார்கள். சுதந்திரம் என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தையை நறுக்கிய துண்டு அது. பெரிய முதலாளிக் கம்பெனிகளைச் சேராமல், தாங்களே தட்டுப் போட்டுத் தாங்களே கடைகளுக்கு அனுப்புகிறவர்கள் என்று தாத்பரியம். பெரிய கம்பெனி எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிராமபோன் பெட்டி முன்னால் நாய் உட்கார்ந்து கேட்கிற மார்க்கை நம் ஊர் டீக்கடையில் பார்க்காதவர் யார்? அந்த நாய் மார்க்குக் கம்பெனியும் கொலம்பியாக் கம்பெனியும் 1931இல் ஒன்றாய்ச் சேர்ந்ததுதான் ஈ.எம்.ஐ. என்பது. அப்படிப்பட்ட யானைகளுக்கு மத்தியில் 1976இல் மேற்கு லண்டனில் ஜெப் டிராவிஸ் என்பவர் ரப் டிரேட் என்று ஒரு சிறு தட்டுக்கடை வைத்தார். அதைக் கூட்டுறவாக நடத்தி, கல்லாவில் இருந்தவருக்கும் மூட்டை கட்டினவருக்கும் ஒரே கூலி என்று வைத்திருந்தார்கள். 1978இல் அந்தக் கடையே தட்டுப் போடவும் ஆரம்பித்தது. பல ஊர்ச் சிறு வியாபாரிகள் ஒன்று கூடி ஒருவர் தட்டை மற்றவர் விற்றுக் கொடுக்கும் ஏற்பாடும் செய்து கொண்டார்கள். இது வெறும் பேச்சல்ல. சில வருஷ காலம் நடந்தேறிய காரியம். 1991இல் அதன் விநியோகப் பகுதி கடனில் மூழ்கிப் போனது வேறு விஷயம்.

ஸ்மித்ஸ் கோஷ்டி 1983இல் ரப் டிரேட்டோடு ஒப்பந்தம் செய்து கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மாரிஸியும் மாரும் மாத்திரமே. இதையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். 1984இல் முதல் தட்டு. 1985இல் இரண்டாவது, அது பிரிட்டனில் முதல் ஸ்தானத்துக்கே போயிற்று. 1986 ஜூனில் மூன்றாவது. அந்த மூன்றாவது தட்டின் பெயர்தான் "தி குயின் இஸ் டெட்", அதாவது இராணி செத்தாள் என்பது. ஒரு கோஷ்டியின் முதல் தட்டு அனேகமாக வாலிபத்தில் சேர்த்து வைத்த சரக்கு. இரண்டாவது அந்த வேகத்திலேயே ஓடிவிடும். உள்ளே கையிருப்பு உண்டா இல்லையா என்பதை மூன்றாவதில்தான் பார்க்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

இந்தத் தட்டு பிறந்த கதையே ஒரு தொழில் தகராறு. 1985 கடைசியில், குளிர்காலத்தில், லண்டனுக்குத் தெற்கே பார்னம் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டு ஸ்டூடியோவில் இதைப் பெரும்பாலும் முடித்தார்கள். மாருக்கு அப்போது 22 வயதுதான். ஆனால் கோஷ்டி ரப் டிரேட்டை விட்டுவிட்டுப் பெரிய கம்பெனிக்குப் போக வழி தேடுகிறது என்பது தெரிந்து, ரப் டிரேட் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கிற்று. தட்டு மாதக் கணக்கில் முடங்கிக் கிடந்தது. பொறுக்க மாட்டாமல் மார் ஒரு நாள் இரவு மான்செஸ்டரிலிருந்து பனியில் காரோட்டிக் கொண்டு போய், ஸ்டூடியோவிலிருந்த மூல நாடாக்களைக் கொண்டுவந்துவிடப் பார்த்தாராம். ஸ்டூடியோக்காரர், "வாடகை பாக்கி இருக்கிறது, ஐயா" என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். இதை மாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சுதந்திரத் தட்டு என்று பெயர். நாடா இருந்ததோ கடன்காரர் பூட்டுக்குள்!

தட்டில் மொத்தம் 10 பாட்டு. ஓடுவது சுமார் 37 நிமிஷம். வயலின் கூட்டம் ஒன்று வாசிப்பது போல் சில இடங்களில் கேட்கும். அட்டையில் அதற்கு ஒரு வாத்தியக் குழுவின் பெயரும் போட்டிருக்கும். அப்படி ஒரு குழு இந்த உலகத்திலேயே கிடையாது. மின்சார வாத்தியப் பெட்டி ஒன்றில் அவர்களே வாசித்துவிட்டு, விளையாட்டாய் ஒரு குழுவைப் படைத்தார்கள். பின்பாட்டுப் பாடியவர் என்று ஆன் கோட்ஸ் என்ற ஒரு பெண்ணின் பெயரும் இருக்கும். அந்த அம்மாளும் கிடையாது. மாரிஸியின் குரலையே வேகமாய்ச் சுற்றவிட்டுப் பெண் குரலாக்கி, மான்செஸ்டரிலுள்ள ஆன்கோட்ஸ் என்ற பேட்டையின் பெயரைப் பிளந்து வைத்தார்கள். இல்லாத ஒருவருக்கு ஒரு பெயர் வைத்து அச்சடித்துவிட்டால் ஜனங்கள் இருக்கிறார் என்றே நம்பி விடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சுலபமான பாடம் வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகளாவது பிறகு உண்மையை ஒப்புக் கொண்டார்கள்.

இனி முதல் பாட்டுக்கு வருவோம். தட்டின் பெயரே இப்பாட்டின் பெயர். அந்தப் பெயரும் இவர்கள் சொந்தமல்ல. ஹூபர்ட் செல்பி என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1964இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தின் தலைப்பு அது. பாட்டு துவங்குமுன், பழைய சினிமா ஒன்றிலிருந்து ஒரு கிழவி பாடுகிற துண்டு கேட்கும். அது முதல் மகாயுத்த காலத்துச் சிப்பாய்ப் பாட்டு, தாய்நாட்டுக்குத் திரும்பிப் போக ஏங்குவது. அந்தத் தேசபக்தி ஏக்கத்தின் தலையில் விழுந்தாற்போல் ஜாய்ஸின் டிரம் புறப்படும். கேட்டவர்களுக்கு அந்த இடம் மறக்காது.

பாட்டில் சொல்லுவது என்ன? ஒருவன் அரண்மனைக்குள் நுழைந்து இராணியோடு பேச்சுக் கொடுக்கிறான். இதைக் கவி கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 1982 ஜூலை 9ந் தேதி காலையில் மைக்கேல் பேகன் என்ற வேலையில்லாத ஆசாமி பக்கிங்காம் அரண்மனைச் சுவரேறி இராணியின் படுக்கையறைக்குள்ளேயே போய்விட்டார். வேதத்தாலும் வாளாலும் காக்கப்படுவதாகச் சொல்லப்பட்ட ராஜ சரீரம், ஒரு சாதாரண அம்மாளைப் போலப் படுக்கையிலிருந்து எழுந்து ஆள் கூப்பிட்டது. பட்டத்து இளவரசரைப் பற்றியும் பாட்டில் கேலி உண்டு: தாயாரின் கலியாண முக்காட்டைப் போட்டுக் கொண்டு பத்திரிகையின் முதல் பக்கத்தில் நிற்க உமக்கு ஆசை வந்ததில்லையா என்று கேட்கிறார். மாதாகோவிலையும் சாராயக் கடையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஏழையிடமிருந்து எது எதைப் பிடுங்குகிறது என்றும் கணக்குச் சொல்லுகிறார். அந்த வருஷங்களில் திருமதி தாட்சர் பிரதம மந்திரி. 1984 மார்ச்சிலிருந்து 1985 மார்ச் வரை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தோற்றிருந்தார்கள். வேலையில்லாதவர் கணக்கு 30 லட்சத்துக்கு மேல். வீட்டு அடுப்பு எரியாத காலத்தில் அரண்மனை விளக்கு மட்டும் எரிகிறதே என்பதுதான் பாட்டின் உள் எரிச்சல்.

இராணியைப் பற்றிக் காரமாய்ப் பாடியவர்கள் இவர்களே முதல் என்று சொல்ல முடியாது. 1977இல், இராணி பட்டத்துக்கு வந்த 25ஆம் வருஷ விழாவின்போது, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற கோஷ்டி ஒரு பாட்டுப் போட்டு, அதை பி.பி.சி. ரேடியோ தடுத்து வைத்தது. அது வசவு. இது சிரிப்பு. வசவை அரசாங்கம் தடுத்துவிடலாம். ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அதை எந்த உத்தரவு போட்டு நிறுத்துவது?

மற்றப் பாட்டுகளை எல்லாம் ஒரே தராசில் நாம் நிறுத்த மாட்டோம். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லுகிற பாட்டு ஒன்று. அது ரப் டிரேட் டிராவிஸையே குத்துவது என்பது ஊரறிந்த சங்கதி, அந்த டிராவிஸின் கம்பெனிதான் அந்தத் தட்டையும் வெளியிட்டது! பாவாடை கட்டின பாதிரியாரைப் பற்றி ஒன்று: மாதாகோவில் கூரையிலிருந்து ஈயத்தகடு திருடப் போனவன் கண்ணில், நாட்டியப் பெண்ணைப் போல் உடுத்திக் கொண்ட ஒரு பாதிரி படுகிறார். பாட்டு பாதிரியைத் திட்டவில்லை, அவர் இஷ்டம் அவருக்கு என்று விட்டுவிடுகிறது. மேல் அங்கியைக் கழற்றினால் அவரும் நம்மைப் போல ஆசாபாசமுள்ள மனிதர்தான் என்று காட்டினதோடு சரி. நமக்கு இந்தத் தட்டில் மிகவும் பிடித்தது இதுதான் என்றால் இலக்கிய ரசிகர்கள் கோபித்துக் கொள்ளுவார்கள்.

ஏனெனில் அவர்களெல்லாம் கொண்டாடுவது வேறொரு பாட்டை. வீட்டுக்குத் திரும்ப மனமில்லாத ஒரு வாலிபன், தனக்குப் பிரியமானவர் பக்கத்தில் இருக்கும்போது லாரியோ பஸ்ஸோ மோதிச் செத்தாலும் பாக்கியமே என்று பாடுவது அது. மெட்டு மிக மிக நல்ல மெட்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாவில் சுகம் தேடுகிற பேச்சு நமக்கு ஒப்பாது. அது பக்தர்கள் பாடுவதைப் போலவே இருக்கிறது, சுவாமியின் இடத்தில் காதலர், அவ்வளவே. 30 லட்சம் பேர் வேலையில்லாத நாட்டில் இருபது வயதுப் பிள்ளைக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் இப்படித்தான் தோன்றும் போலும் என்று சமாதானம் செய்து கொள்ளுகிறோம். கடைசிப் பாட்டோ, மார் கட்டிய அருமையான மெட்டின் மேல், பெண்களின் உருவ அளவைப் பற்றிய வெட்டிப் பேச்சை ஏற்றி வைத்திருக்கிறது. நல்ல பட்டில் சாக்குக் கரை வைத்தது போலிருக்கிறது.

நிற்க. இனி பங்கு விஷயம்.

கோஷ்டி 1987இல் கலைந்தது. அப்போது தட்டிலும் கச்சேரியிலும் வந்த இலாபம் எப்படிப் பிரிந்து வந்தது தெரியுமா? மாரிஸிக்கு நூற்றுக்கு 40, மாருக்கு 40, ரோர்க்குக்கு 10, ஜாய்ஸுக்கு 10. பாட்டெழுதினதற்கும் மெட்டுக் கட்டினதற்கும் கிடைக்கிற தனி வரும்படி இதில் சேராது. அது முன்னிருவருக்கே என்பதில் யாருக்கும் வழக்கில்லை. வாசித்ததற்கும் பாடினதற்கும் வந்த பொதுப் பணத்தில்தான் இந்தப் பங்கு. ரோர்க் பண நெருக்கடியில் இருந்தார். 1989இல் 83,000 பவுனும் மேற்கொண்டு நூற்றுக்குப் பத்தும் போதும் என்று ராஜியாகிவிட்டார். ஜாய்ஸ் ராஜியாகவில்லை. நாலு பேரும் சம பங்காளிகள் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தேன் என்று பிராது கொடுத்தார்.

வழக்கு 1996 டிசம்பரில் லண்டன் ஹைக்கோர்ட்டில் தீர்ந்தது. பிரிட்டிஷ் சட்டத்தில் 1890ஆம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டம் என்று ஒன்று உண்டு. பங்காளிகளுக்குள் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய எல்லாருக்கும் சம பங்கு என்பது அதன் விதி. நாற்பது, நாற்பது, பத்து, பத்து என்று ஒப்புக் கொண்டதற்கு ருஜு எங்கே என்று ஜட்ஜு பார்த்தார், இல்லை. ஜாய்ஸுக்கு நூற்றுக்கு 25 என்று தீர்ப்பாயிற்று. பழைய பாக்கி மாத்திரம் சுமார் 10 லட்சம் பவுன் என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. மாரிஸியின் சாட்சியம் நேர்மையற்றது, நம்பத் தகாதது என்ற கருத்தில் ஜட்ஜு கடுமையாகவே எழுதினார். மார் அதோடு விட்டுவிட்டார். மாரிஸி மட்டும் அப்பீல் போனார். அங்கே அவர் தரப்பில் என்ன வாதாடினார்கள் என்பதைக் கவனியுங்கள். பங்கு விவரம் கண்ட கணக்குத் தாள் ஜாய்ஸுக்கு அனுப்பப்பட்டது, அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஒப்புக் கொண்டதாகவே அர்த்தம் என்றார்கள். மௌனம் சம்மதம் என்கிற அதே பழைய வாய்ப்பாடு! புரியாத கணக்கைப் பார்த்துச் சும்மா இருந்ததைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று 1998இல் அந்த அப்பீலும் தள்ளுபடியாயிற்று.

தோழர்களே, இராணி எந்த உரிமையால் கிரீடம் தரிக்கிறாள் என்று கேட்ட வாய் ஒன்று. டிரம் அடிப்பவன் எந்த உரிமையால் கால் பங்கு கேட்கிறான் என்று கேட்டதும் அதே வாய். டிரம் அடிப்பவனை வேறு எவனை வைத்தும் ஓட்டிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அந்த முதல் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு தூரம் பொய் என்று தெரியும். முப்பது வருஷத்துக்குப் பிறகும் ஜனங்கள் எழுந்து நிற்பது அந்த டிரம்முக்குத்தான். மாரிஸி 2013இல் வெளியிட்ட சுயசரிதையில் இந்த வழக்கைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறார். ரோர்க் 2023 மேயில் காலமானார். அந்த 83,000 பவுன் ராஜிக்கு மேல் அவர் பங்கு உயரவேயில்லை.

அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் என்று முன்னே சொன்னோமே, அதற்கும் இப்போது வேலை வந்துவிட்டது. 2018இலிருந்து மாரிஸி "பார் பிரிட்டன்" என்ற கட்சியை வெளிப்படையாக ஆதரித்தார். 2019இல் அதன் சின்னத்தைச் சட்டையில் குத்திக் கொண்டு அமெரிக்க டெலிவிஷனில் பாடினார். அயல் நாட்டிலிருந்து குடியேறுகிறவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விரோதமாகப் பேசி வந்த கட்சி அது. 2022இல் கலைந்து போயிற்று. அவருடைய பாட்டுக்களால் தைரியம் பெற்ற எத்தனையோ பேர் அன்று தட்டுகளை அலமாரியில் பின்பக்கம் தள்ளிவிட்டார்கள். நாம் தள்ளவில்லை. தட்டு அவர் ஒருவருடைய சொத்தல்ல; நூற்றுக்கு 25 என்று கோர்ட்டே சொல்லியாயிற்று. ஆனால் அவர் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தவர்கள் கழற்றிவிட்டதை நாம் சந்தோஷமாகவே ஒப்புக் கொள்ளுகிறோம். படம் மாட்டியதே அதிகம். இன்றைக்கும் சால்போர்டில் ஒரு வாலிபர் சங்கக் கட்டிடத்துக்கு முன்னால், இந்தத் தட்டின் உறையில் நால்வரும் நின்ற அதே இடத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்ளத் தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். காசி, ராமேசுவரம் போகிறவர்களைக் கேலி செய்கிற படித்த வாலிபர்களும் அதில் சேர்த்தி. அந்தச் சங்கம் 1903லிருந்து ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்து வருவது. வருகிறவர்கள் அதன் உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டுப் போனால் அந்த மட்டில் பிரயோஜனமுண்டு.

நிஜமான இராணி 2022 செப்டம்பர் 8ந் தேதி, 96ஆம் வயதில் இறந்து போனார். தட்டு வெளியாகி 36 வருஷத்துக்குப் பிறகு அதன் பெயர் பத்திரிகைச் செய்தியாயிற்று. ஆயின், இராணி செத்தால் என்ன நடக்கும் என்று அந்த வாலிபர்கள் 1986இல் எதிர்பார்த்தார்களோ தெரியாது. நடந்தது என்னவென்றால், மூச்சு நின்ற அதே நிமிஷத்தில், பாட்டில் கேலிக்கு ஆளான அந்த இளவரசரே ராஜாவானார். மன்னராட்சி வேண்டாம் என்று அட்டை பிடித்தவர்களில் சிலரை அந்த வாரமே போலீசார் கைது செய்தார்கள். 2023 மே 6ந் தேதி முடிசூட்டு. அதற்கென்று ஜெருசலேமில் மந்திரித்து வரவழைத்த எண்ணெயை, ஜனங்கள் கண்ணில் படாதபடி திரை கட்டி மறைத்துக் கொண்டு, கான்டர்பரித் தலைமைப் பாதிரியார் ராஜாவின் மேல் பூசினார். நம் கோயிலில் அபிஷேகத்துக்கு முன் திரை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாயிராது. அன்று காலையில் கிளர்ச்சிக்குப் புறப்பட்ட "ரிபப்ளிக்" என்ற சங்கத்தின் தலைமை நிர்வாகியைப் பேரணி துவங்கு முன்னரே பிடித்துக் கொண்டுபோய்ச் சுமார் 16 மணி நேரம் வைத்திருந்தார்கள். பிறகு போலீசார் வருத்தம் தெரிவித்தார்கள். அவர் பெயர் கிரஹாம் ஸ்மித். கோஷ்டிக்கும் அவருக்கும் உறவில்லை. முன்னமே சொன்னோமே, தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர்.

நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் பிறகு கேட்கலாம். மேஜை மேல் பெட்டி தயாராயிருக்கிறது. தட்டு வைத்திருக்கும் தோழர் இப்போது முதல் பாட்டைப் போடுவார். ஆறு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். முதலில் கிழவி குரல் வரும், அதற்குச் சிரித்துவிடாதீர்கள். அது ஓய்ந்தவுடன் வருவது ஜாய்ஸ்.